ஆயில் ஃபில்டரில் இரண்டு வளையம்

எங்கள் துறையில் வேலை பார்த்த டிரைவர்களும் மெக்கானிக்குகளும் சேர்ந்த வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கிறது. காலை வணக்கமும் பூப்படமும்தான் அதில் அதிகம். போன மாசி மாதம் இப்போது வேலையில் இருக்கும் ஒரு தம்பி அதில் கேட்டிருந்தான்: "முனிரத்தினம் அண்ணே, ஆபீஸ் வண்டி சர்வீச எல்லாம் கம்பெனிக்காரங்ககிட்ட வுட்டுட்டாங்க. எங்களுக்குக் கைவேலையே மறந்துபோச்சி. சொந்தக் காருக்கு வூட்லயே இஞ்சின் ஆயில் மாத்தறது எப்படின்னு கொஞ்சம் எழுதிப் போடுங்க."

வேலைக்காலம் முழுவதும் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தவனிடம் இப்படிக் கேட்டால் சும்மா இருப்பானா? எழுதுவது என்ன, வீடியோவே எடுத்துப் போடுகிறேன் என்று பதில் போட்டேன். பெருமைதான், வேறொன்றும் இல்லை. அந்தப் பெருமை என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் எழுதப்போகிறேன். 

ஓய்வுக்குப் பிறகு சந்தவாசலில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை என் மகள் மலர் ஆரணியிலிருந்து தன் காரில் வந்திருந்தாள். ஆயில் மாற்ற நாள் ஆகிவிட்டது என்றாள். கையில் போனைக் கொடுத்து, நான் செய்கிறேன், நீ எடு என்றேன்.

கேட்ட தம்பிக்காக முறையைச் சொல்லிவிடுகிறேன். வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டி வந்து நிறுத்த வேண்டும். ஆயில் கை பொறுக்கும் சூட்டில் இருந்தால்தான் கசடோடு சேர்ந்து இறங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் வண்டிக்கு அடியில் போகக்கூடாது. எங்கள் வீட்டு வாசலில் கேட்டுக்கு ஏறும் சிமென்ட் சரிவு இருக்கிறது. முன்சக்கரங்களை அதில் ஏற்றி, கை பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். அடியில் பேசினை வைத்து டிரெயின் போல்ட்டைக் கழற்றினேன். கருப்பு ஆயில் முதலில் கயிறாக இறங்கும், அப்புறம் நூலாக, அப்புறம் சொட்டாக. சொட்டு நிற்கும்வரை அவசரப்படக்கூடாது, டீ குடிக்கலாம். பிறகு போல்ட்டுக்குப் புது செம்பு வாஷர் போட்டு முடுக்க வேண்டும்.

அடுத்தது ஃபில்டர். பழையதைக் கையால் திருகிக் கழற்றினேன். "இப்ப பாருங்க தம்பிங்களா" என்று போனைப் பார்த்துப் பேசிக்கொண்டே அதைப் பேசினில் போட்டேன். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் புது ஆயிலைத் தடவி, கையாலேயே இறுக்கினேன். இதற்கு ஸ்பானர் கூடாது. அளவு ஆயில் ஊற்றினேன். டிப்ஸ்டிக் சரியாகக் காட்டியது. மலரோடு வந்திருந்த மாப்பிள்ளை போனை வாங்கிக்கொள்ள, மலர் ஏறி ஸ்டார்ட் செய்தாள். ஐந்து நிமிடம் ஓடவிட்டேன். குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

"பாத்துக்கங்க, அஞ்சு நிமிஷம் ஆச்சி, ஒரு சொட்டு இல்ல. இதான் கைவேல" என்றேன். இதெல்லாம் அந்த வீடியோவில் இருக்கிறது.

"போதுமாப்பா?" என்றாள் மலர்.

"மலை ஏற மாதிரி கொஞ்சம் ஆக்சிலேட்டர் குடும்மா."

கொடுத்தாள். வண்டிக்கு அடியில் சளாரென்று ஒரு சத்தம். தேன் நிறத்தில் இருந்த புது ஆயில் அப்படியே கொட்டி, சரிவில் ஓடி, என் செருப்பை நனைத்துக்கொண்டு தெருவுக்குப் போனது. "ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு" என்று கத்தினேன். அவள் உடனே நிறுத்திவிட்டாள். நான் அடியில் போய் ஃபில்டரைக் கழற்றினேன். வளையம் அதில் இருந்தது. பின்னே எங்கிருந்து கொட்டியது? ஃபில்டர் உட்காரும் இஞ்சின் முகத்தைத் துணியால் துடைத்து விரலை வைத்துச் சுற்றினேன். விரல் ஒரு மேட்டில் ஏறியது. நகத்தால் நெம்பினேன். கருப்பாக, விறைப்பாக, இன்னொரு வளையம் உரிந்து வந்தது.

பழைய ஃபில்டரின் வளையம். முன்பு யாரோ எண்ணெய் தடவாமல் வறட்சியாக மாட்டியிருக்கிறார்கள். சூட்டில் அது இஞ்சினோடு ஒட்டிக்கொண்டது. நான் ஃபில்டரை மட்டும் கழற்றிவிட்டு, வளையத்தின் மேல் வளையம் வைத்து இறுக்கியிருக்கிறேன். சும்மா ஓடும்போது தாங்கும். அழுத்தம் ஏறினால் பிதுங்கிக்கொண்டு மொத்த ஆயிலும் வெளியே போய்விடும்.

இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஆயிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆயில் வீணானதற்கு இல்லை, மாப்பிள்ளை எதிரில் மானம் போனதற்கும் இல்லை. அஞ்சு நிமிஷம், ஒரு சொட்டு இல்ல. இதே வார்த்தையை நான் இதற்கு முன்பு ஒரு தடவை ஒரு விசாரணையில் சொல்லியிருக்கிறேன். அந்த வார்த்தையால் ஒரு மனிதனின் வேலை போயிருக்கிறது.

வாய்விட்டுப் பேர் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. "யாருப்பா ஏழுமலை?" என்று மலர் கேட்டாள்.

அவனைச் சொல்வதற்கு முன் பாஷா சாரைச் சொல்ல வேண்டும். ஐ.டி.ஐ. முடித்து வேலூரில் எங்கள் துறையின் ஷெட்டில் சேர்ந்தேன். முதல் வருடம் ஸ்பானர் கழுவினேன், இரண்டாம் வருடம் திட்டு வாங்கினேன், பயிற்சி அவ்வளவுதான். ஃபோர்மேன் பாஷா சார் வாணியம்பாடிக்காரர். ஷெட்டில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரே ஆள் அவர். அதில் ஒரு பொட்டுக் கறை நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்தவே மாட்டார். எங்களை எல்லாம் மகனே என்கிற மாதிரி 'பேட்டா' என்பார், 'நீ' என்பார். கோபம் வந்தால் மட்டும் 'நீங்க' என்பார். ஒரு தடவை நான் இஞ்சின் ஆயிலுக்குப் பதில் கியர் ஆயிலை இறக்கிவிட்டேன். வந்து பார்த்தவர், "நீங்க கொஞ்சம் வெளிய போய் நில்லுங்க" என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆயில் மாற்றுவதில் அவருக்கு ஒரு முறை உண்டு. மேஜையில் பழைய செய்தித்தாளை விரிக்க வேண்டும். டிரெயின் போல்ட், அதன் வாஷர், பழைய ஃபில்டர், மூன்றையும் அதில் வரிசையாக வைக்க வேண்டும். ஃபில்டர் வாய் மேலே பார்த்து இருக்க வேண்டும். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வருவார், குனிவார், "வளையம் எங்க?" என்பார். பழைய ஃபில்டரில் இருக்கும் வளையத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். காட்டினால்தான் புதியதை மாட்ட அனுமதி. கிழவருக்குக் கிறுக்கு என்று நாங்கள் சிரிப்போம். ஒரு நாள் தாங்காமல் ஏன் சார் என்று கேட்டேன். "வளையம் இங்க இல்லேன்னா இஞ்சின்ல இருக்கு பேட்டா. அங்க இருந்தா நாளைக்கு வண்டி இருக்காது" என்றார்.

அப்புறம் என்னை ஜவ்வாது மலைக்குப் போட்டார்கள். ஜமுனாமரத்தூரில் எங்கள் துறைக்கு ஒரு சின்ன அலுவலகம், இரண்டு ஜீப். ஆயில் மாற்ற ஒவ்வொரு தடவையும் ஜீப்பை வேலூருக்கு இறக்கி ஏற்றினால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். பாஷா சாரிடம் கேட்டேன். "மத்த வேலைக்கு இங்க கொண்டா. ஆயில் மட்டும் நீ அங்கேயே மாத்து. ஆனா பேப்பர் விரிக்கணும்" என்றார். அன்றிலிருந்து மலையில் ஆயில் மாற்றுவது என் வீட்டு வாசலில்தான்.

முதல் சில தடவை பேப்பர் விரித்தேன், சத்தியமாக விரித்தேன். ஆனால் மலையில் ஆயில் மாற்றுகிற நாள் என்றால் ஊருக்கே தெரிந்துவிடும். காலையிலேயே ஆளாளுக்கு டப்பாவும் கேனும் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்துவிடுவார்கள். கழிவு ஆயிலை வீட்டுக் கம்பத்திலும் கூரை மரத்திலும் பூசினால் கரையான் ஏறாது. அதற்கு ஒரு வரிசை. பழைய ஃபில்டருக்குப் பெண்களிடம் தனிப் போட்டி. அந்தத் தகர டப்பாவைக் கொடுவாளால் வெட்டினால் உள்ளே ஆயில் ஊறிய காகிதம் மடிப்பு மடிப்பாக இருக்கும். மழைக்காலத்தில் ஈர விறகு பற்றாதபோது அதில் ஒரு துண்டு கிழித்துப் போட்டால் போதும், அடுப்பு எரியும். முதலில் கேட்டவர்களுக்குக் கொடுப்பது என்று நான் ஒரு ஒழுங்கு வைத்திருந்தேன். கழற்றிய நிமிடமே ஃபில்டர் யாராவது ஒருத்தியின் கைக்குப் போய்விடும். விரித்த பேப்பரில் வைக்க ஒன்றும் இருக்காது. கொஞ்ச நாளில் பேப்பரும் நின்றுபோனது. இஞ்சின் முகத்தை விரலால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துக்கொள்வேன், அதுவே போதும் என்று வைத்துக்கொண்டேன்.

ஏழுமலை அந்த இரண்டு ஜீப்பில் ஒன்றுக்கு டிரைவர். மலைக்காரன். ஜமுனாமரத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். அந்த ஊரில் முதன்முதலில் டிரைவிங் லைசென்ஸ் எடுத்தவன் அவன்தான். தினக்கூலியில் சேர்ந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. நிரந்தரம் ஆகப் போகிறவர்களின் பட்டியலில் அவன் பேரும் இருந்தது. காலையில் வந்ததும் பேனட்டைத் திறந்து டிப்ஸ்டிக்கை உருவி, தோளில் கிடக்கும் துண்டிலேயே துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பான். அதனால் அவன் துண்டில் எப்போதும் கருப்புக் கோடு இருக்கும். அது வெளுக்காது என்று அவன் மனைவி கோவிந்தம்மா என்னிடமே வந்து புலம்பியிருக்கிறாள்.

ஆடி மாதம், நல்ல மழை. அன்றைக்கு அவன் ஜீப்புக்கு ஆயில் மாற்றினேன். வாசலில் நான்கைந்து பேர் டப்பாவோடு நிற்கிறார்கள். ஃபில்டரைக் கழற்றும்போதே பெண்கள் மூன்று பேருக்குள் சண்டை. "நான்தான் மொதல்ல கேட்டேன்" என்று ஒருத்தி கையை நீட்டினாள். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு. சிரித்துக்கொண்டே அவளிடம் கொடுத்துவிட்டு, புதியதை எடுத்து மாட்டினேன். விரலால் சுற்றிப் பார்த்தேனா? இன்று எத்தனை யோசித்தும் அந்த விரல் எனக்கு ஞாபகம் வரவில்லை. சிரித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஐந்து நிமிடம் ஓடவிட்டேன். ஒரு சொட்டு இல்லை.

மறுநாள் ஏழுமலை போளூரில் ஆபீசரை இறக்கிவிட்டு மலை ஏறும்போது, பாதி வழியில் ஒரு கொண்டைஊசி வளைவில் மீட்டர் பலகையில் ஆயில் எச்சரிக்கை லைட் எரிந்தது. பின்னாலேயே பஸ். வளைவைத் தாண்டி ஓரம் கட்டி நிறுத்தினான். அதற்குள் ஆயில் இல்லாமல் இஞ்சின் இறுகிப் பிடித்துக்கொண்டது. தகவல் கிடைத்து நான் பஸ்ஸில் போய் இறங்கினேன். மழைத் தண்ணீரில் ஆயில் வானவில்லாக மிதந்துகொண்டிருந்தது. ஃபில்டர் பக்கம் ஈரம். அதன் தகரத்தில் ஒரு சின்ன நசுங்கல். கல் அடித்திருக்கிறது என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டேன். வண்டியைக் கட்டி இழுத்து வேலூர் கொண்டுபோனோம். அங்கே நான்தான் அந்த ஃபில்டரைக் கழற்றினேன். அதில் வளையம் இருந்தது. அதற்கு மேல் எதையும் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. இஞ்சின் வெளியே கடைசல் பட்டறைக்குப் போய்விட்டது.

விசாரணை பாஷா சார் அறையில். அவருக்கு அப்போது கண் ஆபரேஷன் ஆகி, கருப்புக் கண்ணாடி போட்டிருந்தார். குனியக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஓய்வு பெற சில மாதங்கள்தான் இருந்தன. வெள்ளைச் சட்டை மட்டும் அதே வெள்ளை. மேஜைக்கு எதிரில் நானும் ஏழுமலையும் நின்றோம்.

"லைட்டு எப்ப எரிஞ்சது?"

"வளைவுல சார். எரிஞ்சதும் ஓரம் கட்டி நிறுத்திட்டேன்."

"எவ்ளோ தூரம் போய்?"

"பின்னாடி பஸ்ஸு சார். ஒரு அம்பது அடி இருக்கும்."

பாஷா சார் என் பக்கம் திரும்பினார். "வளையம் பாத்தியா பேட்டா?"

"பாத்தேன் சார்."

"உன் கண்ணுதான் இன்னிக்கி என் கண்ணு."

"பாத்தேன் சார்" என்றேன் மறுபடியும். பொய் சொன்னதாக எனக்கு அப்போது தோன்றவே இல்லை. எப்போதும் பார்க்கிறவன், அன்றைக்கும் பார்த்திருப்பேன் என்று வாய் தானாகச் சொன்னது. அதோடு விட்டிருக்கலாம். கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னேன். "அஞ்சு நிமிஷம் ஓடவுட்டுப் பாத்துதான் சார் வண்டியக் குடுத்தேன், ஒரு சொட்டு இல்ல. கல்லு அடிச்சிருக்கு. லைட்டு எரிஞ்சதும் நிறுத்தியிருந்தா இஞ்சின் புடிச்சிருக்காது சார்."

பாஷா சார் பேனாவை எடுத்துத் தாளில் எழுதினார். பிறகு ஏழுமலையிடம், "நீங்க போலாம்" என்றார்.

அந்த 'நீங்க' என்னவென்று எனக்குத் தெரியும். ஏழுமலைக்குத் தெரியாது. பெரிய ஆபீசர் மரியாதையாகப் பேசுகிறார் என்று நினைத்து அவன் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "வர்றேங்க சார்" என்று கும்பிட்டுவிட்டுப் போனான். அடுத்த நாளிலிருந்து அவனுக்கு வேலை இல்லை. பட்டியலில் அவன் பேரையும் அடித்துவிட்டார்கள்.

இதற்கு மேல் நான் செய்தது ஒன்று இருக்கிறது, அதை எழுதத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. புதிதாக வருகிற ஒவ்வொரு டிரைவருக்கும் ஏழுமலை கதையைச் சொன்னேன். லைட்டைப் பார்க்காமல் ஓட்டி இஞ்சினைக் கெடுத்து வேலையையும் கெடுத்துக்கொண்டவன் கதை. நன்றாகச் சொல்வேன், சிரிப்பார்கள். ஷெட்டில் அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. யாராவது வண்டியை அசட்டையாக எடுத்தால், "டேய், ஏழுமல பண்ணிடாத" என்பார்கள். இந்த வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் பாதிப் பேர் அவனைப் பார்த்ததே இல்லை. ஆனால் அந்தப் பேச்சு தெரியாத ஆள் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான்கு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. ஒருவேளை கல்லாகவே இருக்கலாம் என்று ஒரு மனசு சொல்லும். மகள் காருக்கு நடந்தது ஜீப்புக்கும் நடந்திருக்க வேண்டுமா என்ன? பாஷா சார் இருந்தால் கேட்கலாம், அவரும் போய்விட்டார். கடைசியில் மாப்பிள்ளையைக் காரை எடுக்கச் சொன்னேன். இரண்டு வளையத்தையும் ஒரு காகிதத்தில் மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். போளூர் போய் மலை ஏறினோம். அந்த வளைவு வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன், பிறகு திறந்து மீட்டர் பலகையில் லைட் எரிகிறதா என்று பார்த்தேன்.

ஏழுமலை வீட்டு வாசலில் புளி காய்ந்துகொண்டிருந்தது. கோவிந்தம்மா உட்கார்ந்து ஒரு சின்னச் சுத்தியால் புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். ஏழுமலை சாக்கு மடித்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க வெளுத்துவிட்டது. தோளில் துண்டு இருந்தது, அதில் கருப்புக் கோடு இல்லை.

"மெக்கானிக்கண்ணா! இன்னாண்ணா இவ்ளோ தூரம்? வாங்க, உக்காருங்க" என்று ஓடி வந்தான். அந்த வரவேற்பே எனக்கு அறை விழுந்த மாதிரி இருந்தது.

தண்ணீர் குடித்தேன். வண்டி ஏதாவது ஓட்டுகிறாயா என்று கேட்டேன்.

"இல்லண்ணா. அன்னிக்கி சாவிய வச்சதுதான். பையன் பைக்கு வச்சிருக்கான், பின்னாடி உக்காந்து போவேன். ஓட்ட மாட்டேன்."

"ஏன்?"

"எனக்கே நம்பிக்க இல்லண்ணா. மொதல்ல எல்லாம் லைட்டு எரிஞ்சதும் நிறுத்தனேன்னுதான் சொல்லிக்கினு இருந்தேன். யாரும் நம்பல. நிறுத்தியிருந்தா இஞ்சின் புடிக்காதுன்னு நீங்களே சொன்னீங்க. உங்களுக்குத் தெரியாததா? சரி, நான்தான் பாக்காம வுட்டுட்டேன் போலன்னு நெனச்சிக்கினேன். இப்ப கண்ண மூடி யோசிச்சா லைட்டு எரிஞ்சிச்சா இல்லியான்னே தெரியல."

என் வார்த்தையை நம்பி, தன் கண்ணால் பார்த்ததையே அவன் மறந்துவிட்டான்.  வேலை போயிற்று, அதுவரைக்கும்தான் என் கணக்கில் இருந்தது. இது நான் நினைத்தே பார்க்காதது.

காகிதத்தைப் பிரித்து வளையங்களை அவன் கையில் வைத்தேன். மகள் காரில் நடந்ததைச் சொன்னேன். வளையம் ஒட்டிக்கொண்டால் ஐந்து நிமிடம் தாங்கும், மலை ஏறும்போது பிதுங்கும், பிதுங்கினால் லைட் எரிவதற்குள் ஆயில் போய்விடும், எரிந்ததும் நிறுத்தினாலும் இஞ்சின் பிழைக்காது என்று சொன்னேன். "உன் ஜீப்புக்கும் இப்படித்தான் ஆயிருக்கும்னு எனக்குத் தோணுது ஏழுமல. ஆனா உறுதியாத் தெரியாது. அந்தப் பழைய ஃபில்டரப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். அதுல வளையம் இல்லாம இருந்திருந்தா தப்பு என்னுது. அத அன்னிக்கே யாருக்கோ குடுத்துட்டேன்."

சுத்தி சத்தம் நின்றது.

"எது, அன்னிக்கி நான் வாங்கினு வந்த டப்பாவா?" என்றாள் கோவிந்தம்மா.

கையை நீட்டியவள் இவள்தான். அந்தக் கைதான் எனக்கு ஞாபகம் இருந்தது, முகம் இல்லை.

"மறுநாளுதான இவுரு வண்டி நின்னுபோச்சி. அதனால மறக்கல. அதுல ரப்பரு இல்லண்ணா."

"நல்லா யோசிச்சிச் சொல்லும்மா."

"யோசிக்க இன்னா இருக்குது? ரப்பரு எரிஞ்சா வூடு பூரா நாறும். எப்பவும் மொதல்ல அத நோண்டி எடுத்துப் போட்டுட்டுத்தான் டப்பாவ வெட்டுவேன். அன்னிக்கி எடுக்கலாம்னு பாத்தா இல்ல. சுத்திச் சுத்தித் தேடனேன். சரி, ஒரு வேல மிச்சம்னு வெட்டி அடுப்புல போட்டேன்."

 மாப்பிள்ளை தலை குனிந்துகொண்டார். வேலூரில் கண்ணாடி போட்டுக்கொண்டு பாஷா சார் என்னைக் கேட்ட கேள்விக்கு, மலையில் அடுப்படியில் இருந்தவளிடம் பதில் இருந்திருக்கிறது. அவளைக் கேட்க வேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"யாராச்சும் ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றாள் அவள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.  "நானும்தான் இவுர நம்பல. நிறுத்தனேன் நிறுத்தனேன்னு அழுதாரு. மெக்கானிக்கு பொய்யா சொல்லுவாருன்னு நான்தான் கேட்டேன்."

ஏழுமலை காலில் விழுந்துவிடலாமா என்று இருந்தது எனக்கு. எழுந்தேன். அவன் என்னைப் பார்க்காமல் எழுந்து காரிடம் போனான். மாப்பிள்ளையிடம் பேனட்டைத் திறக்கச் சொன்னான். டிப்ஸ்டிக்கை உருவி, தோளில் கிடந்த துண்டில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தான். மூடினான். வந்து என் எதிரில் நின்றான்.

"மன்னிச்சிடு ஏழுமல" என்றேன்.

"அத அப்பறம் பாக்கலாம்" என்றான். அவன் என்னிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "என் பேர வச்சி ஷெட்டுல ஒரு பேச்சு சொல்றாங்களாமே, என் பையன் போளூர்ல கேட்டுட்டு வந்து ஒரு நாளு சாப்பிடாம படுத்துக்கினான். யாரு ஆரம்பிச்சதுண்ணா அது?"

"நான்தான்."

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "அப்ப நீங்களே எழுதுங்க. எல்லாரும் பாக்கற மாதிரி. என் பேரு போட்டு எழுதுங்க."

"இன்னா எழுதணும்?"

"நடந்தத எழுதுங்க."

வீட்டிலேயே ஆயில் மாற்றுவது எப்படி என்று கேட்ட தம்பிக்கு இதுதான் என் பதில். வீடியோவையும் வெட்டாமல் கூடவே போட்டிருக்கிறேன், என் முகம் எப்படிப் போகிறது என்று கடைசி வரை பாருங்கள். பழைய ஃபில்டரை யாருக்கும் கொடுப்பதற்கு முன்னால் வளையம் எங்கே என்று தொட்டுப் பாருங்கள். அந்தப் பேச்சை இனிமேல் யாரும் சொல்ல வேண்டாம், சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் என் பேரைப் போட்டுச் சொல்லுங்கள். ஏழுமலை லைட்டைப் பார்த்தான், பார்த்ததும் வண்டியை நிறுத்தினான். வளையத்தைப் பார்க்காதவன் நான்.